பதினொரு மணிக்கு வந்த சிநேகிதி

"எந்த ஸ்கூல்?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழந்தையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டிலேயே படிக்கிறாள். நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், வாராவாரம் மாறும் ஷிஃப்டில் வேலை பார்க்கிறேன். அவளைப் பள்ளிக்கு அனுப்பிய இரண்டு வருடமும், அவள் விழித்திருக்கும்போது நான் பார்த்த நாட்கள் குறைவு. அதனால்தான் நானும், சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம். இதில் ஊருக்கு என்ன நஷ்டம்?

கீழ் வீட்டு அம்மாவுக்கு நஷ்டம் போலிருக்கிறது. "இன்னாம்மா, ஆட்டோ ஓட்றவரு வாத்தியார் ஆயிட்டாரா?" என்று சிரிப்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும் தன் பிள்ளைகளிடம், "அவகூட சேந்தீங்கன்னா உங்களுக்கும் படிப்பு ஏறாது" என்று என் மகள் காதில் விழும்படியே சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் இவளை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. கொஞ்ச நேரம் பந்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு இவள் மேலே ஏறி வருவாள்.

அவளுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி, பக்கத்து மனையில் குடோன் கட்ட வந்து தகர ஷெட்டில் தங்கியிருந்த ஒடிசாக் குடும்பத்துப் பெண். இவள் வயதுதான். காலை பதினொரு மணிக்குத் தெருவில் வேறு எந்தப் பிள்ளை இருக்கும்? முதலில் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினார்கள். பிறகு இவள் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க, அவள் இவளுக்கு ஒடியாவில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். நாலே மாதத்தில், "ஆன்ட்டி, தோசை கீதா?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டுக்கொண்டு உள்ளே நுழையும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு செகண்ட் ஷிஃப்ட்; மத்தியானம் போனால் போதும். இருவரும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அரசாங்கத்திலிருந்து ஒரு மேடம் ரெஜிஸ்டரோடு வந்தார். பள்ளிக்கு அனுப்பாமல் குழந்தையை வேலை வாங்குகிறோம் என்று யாரோ போன் செய்தார்களாம். யாரென்று அவர் சொல்லவில்லை. கீழ் வீட்டு அம்மா படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்.

மேடம் இரண்டு குழந்தைகளையும் பார்த்து, "ரெண்டும் ஸ்கூல் போறதில்லையா?" என்றார்.

எங்கிருந்துதான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்ததோ! "இந்த ஷெட்டுப் பசங்களோட என் பொண்ண சேக்காதீங்க மேடம்! இதுங்க படிக்காம சுத்திக்கினு இருக்குங்க. என் பொண்ணு நோட்ட எடுத்துப் பாருங்க!" என்று கத்தி, நோட்டுகளை எல்லாம் அவர் முன்னால் கொட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதுது" என்று குறித்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண்ணைக் காணோம். அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தோசையைக் கட்டி எடுத்துக்கொண்டு மகளோடு ஷெட்டுக்குப் போனேன். அவள் அம்மா பொட்டலத்தை வாங்கவே இல்லை. "வேணாம் அக்கா. அவ வரமாட்டேன் சொல்லிச்சு" என்றார். அந்தப் பெண் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் மகள் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

கீழ் வீட்டு அம்மாவை ஒரு வருடமாக வாய் ஓயாமல் திட்டியவள் நான். அதே பேச்சை, ஒரு குழந்தையை எதிரிலேயே வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

வீட்டுக்கு வந்ததும் வேறெதுவும் தோன்றாமல் கணக்கு நோட்டை விரித்தேன். மகள் அதை மூடினாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"நீ சொல்லித் தர வேணாம்மா. அப்பா வரட்டும்" என்றாள்.