அவசரத்துக்கு வந்த பிளம்பரின் கூலி

இன்று காலை குசினியில் பாத்திரம் கழுவும் இடத்துப் பைப் உடைந்து வீடெல்லாம் வெள்ளம். பதறிப்போய், தெரிந்த பிளம்பர் நானாவுக்கு அழைத்தேன். உட்துறைமுக வீதியில் வேறொரு வீட்டில் வேலையாக நின்றவர் உடனே வந்து திருத்திவிட்டார்.

கூலியாக ஒரு பெரிய தொகையைச் சொன்னார்.

“என்ன நானா, இந்தக் கொஞ்ச நேர வேலைக்கு இவ்வளவா?”

“தங்கச்சி, அந்த வீட்டில தண்ணிய மறிச்சுப்போட்டு அரைவாசி வேலையில ஓடி வந்தன். அவங்களுக்கு இப்ப சமைக்க ஏலாது. பகல் சாப்பாட்ட நான்தானே கடையில வாங்கிக் குடுக்கணும்.”

கேட்ட கூலியைக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கென்று இரண்டு பெரிய போத்தல்களில் குடிதண்ணீரும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

உட்துறைமுக வீதியில் இன்று மத்தியானம் எதிர்பாராமல் கடைச்சாப்பாடு சாப்பிட்டவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கறி எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். வாங்கித் தந்தது நான்தான்.