தெருப் பெயர் கேட்ட கட்டம்

அன்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் நான், மனைவி செல்லம்மா, மகள் மாலதி மூவரும் இருந்தோம். செல்லம்மாவுக்குக் காது மந்தம். மலையில் கொழுந்து பறிக்கும்போது கங்காணி கூப்பிடுவது கேட்காமல் ஏச்சு வாங்குவாள். வெளிநாட்டு இணையக் கடையில் காதுமிஷின் வாங்க, மாலதி போனில் அம்மா பெயரும் முகவரியும் பதிந்தாள்.

“தெருப் பேரு கேக்குதுப்பா.”

“நமக்கேது தெரு? மேற்பிரிவு, மூணாம் லயம்னு போடு.”

ஊர் கேட்டது. ராகலை என்று போட்டாள். தோட்டத்தின் பெயருக்குக் கட்டமே இல்லை. விட்டுவிட்டோம்.

ஒரு மாதம் பார்சல் வரவில்லை. பிறகு வேறு தோட்டத்துக்காரர் ஒருவர் பார்சலில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்தார்.

“உங்க பார்சல் எங்க மேற்பிரிவுக்கு வந்திருக்கு. இங்கயும் ஒரு செல்லம்மா இருக்காங்க. அவங்களுக்குக் காது நல்லாவே கேக்குதுங்க.”

வாங்கி வந்து மாட்டினோம்.

“இவ்வளவு சத்தமாவா பேசுவீங்க?” என்றாள் செல்லம்மா.

இப்போது ஆள் பெயருக்குப் பக்கத்திலேயே தோட்டத்தின் பெயரையும் போடுகிறோம். விசாரித்துப் பார்த்தேன். ராகலைப் பக்கம் தோட்டத்துக்கு ஒன்றாக மேற்பிரிவுகள் எட்டு.