கருப்பசாமியின் ரத்தமும் பழுப்புக் கடற்பாசியும்

ரத்தம் எடுத்து முடித்ததும் கருப்பசாமி அண்ணன் பஞ்சை விரலால் அழுத்திப் பிடிக்க மாட்டார். முழங்கையை மடக்கி அதற்குள் பஞ்சை இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை நீட்டி ரத்தம் பிடித்த குழாயைக் கேட்பார். ரத்தம் உறையாமலிருக்க அதை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அந்த வேலையை நர்ஸிடமிருந்து அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். ஜனவரி வெளிச்சத்தில் அது ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். எதையோ படிக்க முயன்று தோற்றவர்போலத் திருப்பிக் கொடுப்பார்.

விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஏசி மெக்கானிக். நாட்டின் தலைநகரில், முனிர்காவில் என் அறைக்கு மேல்மாடியில் மனைவி உஷாராணியோடு குடியிருந்தார். எங்கள் ஆய்வகத்தின் குளிரறையைப் பழுதுபார்க்க வந்தவரை ஆராய்ச்சி மாணவி வைதேஹி பிடித்துக்கொண்டாள். பீடி கிடையாது, குடி கிடையாது, சமீபத்தில் எக்ஸ்ரே எடுத்ததில்லை. சோதனைக்கு ரத்தம் கொடுக்க அப்படி ஓர் ஆள் அவளுக்கு வேண்டியிருந்தது.

மண்டபம் கடற்கரையிலிருந்து வந்த பழுப்புக் கடற்பாசியில் ஒரு பொருளைப் பிரித்து வைத்திருந்தோம். எலிகளின் வீக்கத்தை அது குறைத்திருந்தது. மாத்திரையாக்க வேண்டுமென்றால், அது மனிதக் குரோமோசோம்களைச் சிதைக்காது என்று முதலில் காட்ட வேண்டும். ஒருவரின் ரத்தத்தைப் பல குழாய்களில் வளர்த்து, பாசிப் பொருளை வெவ்வேறு அளவில் கலப்போம். ஒரு குழாயில் மட்டும் எதுவும் கலப்பதில்லை. அதைவிட மற்றவற்றில் கூடுதலாக என்ன கெட்டிருக்கிறது என்பதே எங்கள் ஒரே கேள்வி. கரைப்பது என் வேலை, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வைதேஹியின் வேலை.

உஷாராணி அக்காவுக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. டாக்டர் இருவரையும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார். அக்கா செய்துகொண்டார், குறை ஒன்றும் இல்லை. அண்ணன் போகவில்லை. ஆம்பளைக்கு எதற்கு அதெல்லாம் என்று ஊரிலிருந்து அவருடைய அம்மா கேட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் மாடிப்படிக்கு வராத பேச்சு எதுவும் இல்லை.

"பாசிக்கு ரத்தம் குடுக்குறீங்க. டாக்டருக்குக் குடுக்க மட்டும் வத்திப்போச்சாக்கும்" என்றார் அக்கா ஒருநாள்.

"பாசி கேள்வி கேக்காதுல்ல" என்று அவர் சிரித்தார்.

ஆய்வகத்திலிருந்து திரும்பும் வழியில், பஸ் சத்தம் அடங்கக் காத்திருந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என் ரத்தத்துல கோளாறு இருந்தா அந்தப் பொண்ணு கண்ணுக்குத் தப்புமா தம்பி?"

"நாங்க பாசியத்தான் பாக்குறோம்ணே, உங்கள இல்ல. ஆஸ்பத்திரியிலயே குடுத்துருங்க."

"இருந்தா தெரியாமலா போகும்" என்றார். எனக்கல்ல, தனக்கே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது முறைக்குப் பிறகு ஆய்வகம் அவரை அழைக்கவில்லை. வேறொருவரின் ரத்தம் வந்தது. காரணம் கேட்டதற்கு, பேராசிரியர் ஆளை மாற்றச் சொன்னார் என்று மட்டும் சொன்னாள் வைதேஹி. அண்ணனோ அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் நின்று அம்மாவிடம் ஃபோனில் பேசினார். அறைக்குள் இருக்கும் அக்காவுக்கும் கேட்கட்டும் என்ற குரல்.

"பெரிய லேப்ல வச்சுப் பாத்துட்டாங்கம்மா. ஒரு வார்த்தை சொல்லல. எங்கிட்ட குறை ஒண்ணும் இல்ல."

மேலே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர்க் குழாயை மூடினார்கள்.

ஹோலிக்கு முன்பு அக்கா ஊருக்குப் போனார். ஆட்டோவில் பெட்டியை ஏற்றியபின் என்னைப் பார்த்து, "சிலிண்டர் நாளைக்கு வரும் தம்பி, வாங்கி வச்சிருங்க, அவருக்கு ஞாபகம் இருக்காது" என்றார். திரும்பி வரவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்தார்கள், விவாகரத்து ஆயிற்று. அண்ணன் குருகிராம் பக்கம் அறை மாறிப் போனார். அவர் அறைக்கு வந்த புதுப் பையன்கள் இரவெல்லாம் பாட்டுப் போட்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் வைதேஹி தன் ஆய்வேட்டை எழுதி முடித்தாள். பாசிப் பொருள் குரோமோசோம்களுக்குத் தீங்கு செய்யவில்லை என்று வந்திருந்தது. டீ குடிக்கும்போது, கருப்பசாமியை ஏன் நிறுத்தினார்கள் என்று மறுபடி கேட்டேன். இந்த முறை சொன்னாள். அவருடைய ஒவ்வொரு செல்லிலும் நாற்பத்தாறுக்குப் பதில் நாற்பத்தைந்து குரோமோசோம்கள். இரண்டு ஒட்டி ஒன்றாகியிருந்தன. பாசி கலக்காத குழாயிலும் அப்படியே. எல்லாவற்றிலும் ஒரேமாதிரி இருந்ததால் அது பாசி செய்ததல்ல, எங்கள் முடிவில் சேராது என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறவியிலேயே வருவது, அவர் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, மனைவிக்குக் கரு தங்காமல் போகலாம். ஆனால் இப்படிப்பட்ட பலருக்கு, அடுத்தடுத்த முயற்சியில் நல்ல குழந்தை பிறந்துவிடுகிறதாம்.