இலைக்காரி மகள் கல்யாணம்

என் அக்கா தங்கமயிலை மாதுங்கா மார்க்கெட்டில் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இலைக்காரி என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். மச்சான் செத்துப்போனபிறகு மாஹிமில் முதல் ரயிலைப் பிடித்து வசாய்க்குப் போய், வாழை இலைக் கட்டோடு திரும்புவாள். மாதுங்காவில் கல்யாணமோ திவசமோ, பந்தி விரித்தால் பெரும்பாலும் அக்காவின் இலைதான்.

வசாய் என்றதும் மற்றவர்களுக்கு இடிந்த கோட்டையும் ஃபிளாட் விளம்பரமும் ஞாபகம் வரும். எங்களுக்கு அது சோறு போடுகிற ஊர். ஒரு பக்கம் கடல், தெற்கே கழிமுகம், நடுவில் தட்டையான நிலம். போர்ச்சுக்கீசியன் வந்து ஆண்டான், மராட்டியர் வந்து விரட்டினார்கள், வெள்ளைக்காரன் வந்து போனான். வாழையும் வெற்றிலையும் மட்டும் அசையவில்லை. இப்போது மாநகராட்சி என்று போர்டு மாட்டியாகிவிட்டது. ரயில் பாதைக்குக் கிழக்கே மாடி மாடியாக எழும்பிவிட்டது. ஓங்கி ஒரு மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? தண்டவாளத்தில்தான் போய் உட்காரும்.

அப்படித்தான் உட்கார்ந்தது, போன ஆவணியில். அதுவும் எப்போது? அக்கா மகள் ஸ்ரீதேவி கல்யாணத்துக்கு முந்தின நாள்!

மாப்பிள்ளை வீடு தேவ்நார். சம்பந்தி அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்: "சாப்பாடு எப்படியோ, எலையப் பாருங்க. சம்பந்தி அம்மா கைராசி." இலை தருவதாகச் சொன்ன வசாய் விவசாயி கேஷவ், மத்தியானம் ஒரு தடவை போனில் வந்தார். "கவலப்படாதீங்க தாயி" என்று இந்தியில் சொன்னார். அதோடு போன் அணைந்துவிட்டது. ரயில் ஓடவில்லை. தாதர் மார்க்கெட்டுக்கு ஓடினேன், அங்கேயும் இலை இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தாய்மாமன் வேறு. கேஷவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு தாராவியிலேயே பச்சை அச்சடித்த பேப்பர் இலைக் கட்டு வாங்கி வந்து மண்டபத்துச் சமையல்கட்டில் வைத்தேன்.

அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏலே முத்துசெல்வம், என்னல இது? எலைக்காரி மவ கல்யாணத்துல காயித எலையா? எம் மூஞ்சில கரியப் பூசப் பாக்கியா?"

"பின்ன தரையிலயா சோறு போடச் சொல்லுத?"

ஊருக்கெல்லாம் பந்தி விரித்தவள், சொந்தப் பந்திக்கு இலையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் தாலி ஏறியது. சம்பந்தி வீட்டார் சாப்பிட எழுந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேப்பர் இலைக் கட்டைப் பிரிக்கக் கை வைத்தேன். அந்த நேரம் வாசலில் டாக்ஸி. தலை முதல் கால் வரை நனைந்து கேஷவ் இறங்குகிறார். டிக்கி நிறைய இலைக் கட்டு!

அப்பாடா! எனக்குக் கால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அக்கா ஓடிப்போய்க் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வசாயில் ரயில் நின்றதால் கழிமுகத்தைப் படகில் தாண்டி அக்கரையில் பாயந்தர் வந்து, அங்கிருந்து ஓடிய ரயிலைப் பிடித்து மாஹிமில் இறங்கி டாக்ஸி ஏறினாராம். அவர் தோப்பில் இடுப்பளவு தண்ணீர். ஓர் இலைகூட எடுக்க முடியவில்லை. மேட்டு நிலத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டாராம்.

குலை தள்ளிய மரத்தில் இலை வெட்ட அந்த ஊரில் யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், காய் சிறுத்துவிடும். ஆனால் ஒரு வருஷம் கடல் கரையை உடைத்து உள்ளே வந்து, இலையெல்லாம் பழுத்துக் கிழிந்தபோது மற்ற வியாபாரிகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அக்கா மட்டும் போனாள். கிழிந்த இலையை வாங்கி வந்து, பார்சல் கட்ட மெஸ்களுக்கு விற்றாள். அதை அவர்கள் மறக்கவில்லை. தங்கமயில் வீட்டுக் கல்யாணம் என்றதும் ஆளாளுக்கு அரிவாளை எடுத்துவிட்டார்களாம்.

பந்தி விரிந்தது. சம்பந்தி உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒன்று கரும்பச்சை, ஒன்று வெளிறல்.

"என்ன தங்கச்சி, எல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லியே?"

"ஒத்தத் தோப்பு எல இல்ல, அண்ணாச்சி. வீட்டுக்கு வீடு, கொல தள்ளுன மரத்துல வெட்டிக் குடுத்துருக்காவ. நம்ம பிள்ளைக்கு."

சம்பந்தி தன் இலையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், வாசலில் ஈரத்தோடு ஒதுங்கி நின்ற கேஷவின் கையைப் பிடித்து அழைத்துவந்து தன் இலைமுன்னால் உட்கார வைத்தார்.

"மொதல்ல இவியளுக்குப் போடுங்க."

அக்கா சோற்று வாளியை என் கையில் திணித்துவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கேஷவுக்கு நான்தான் பரிமாறினேன்.