ஊர் கொடுத்ததற்குக் கட்டம் இல்லை

சம்பளச்சீட்டு மேசைக்கு வந்ததும் டோலி யுர்கானின் என்பவர் அதன் கடைசி வரியைக் கட்டைவிரலால் மூடிவிடுவார். எதிரே இருப்பவரின் கண் அந்த வரியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "அது உன் கைக்கு வந்தது, கண்ணு. அவங்க கேக்கறது வரி பிடிக்கறதுக்கு முன்னால இருந்தது. மேல பாரு, மேல." மேலே உள்ள எண்ணை எதிராளி தன் வாயால் படிக்கும்வரை விரல் நகராது.

பென்சில்வேனியாவின் கரிச்சுரங்க ஊர்களில் ஒன்றான ஹேசல் ரன்னில், மருந்துக்கடைக்கு மாடியில் உள்ள சின்ன கிளினிக்கில் அவருக்கு ஒரு மேசை. அரசு மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பது வேலை. வயது அறுபத்திரண்டு. சட்டைத் தொழிற்சாலை மூடும்வரை அங்கே சம்பளப் பிரிவில் இருந்தவர். சுவரில், சவ அடக்க நிலையம் இலவசமாகக் கொடுத்த காலண்டர். அதில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருப்பார். இங்கே பலருக்கும் வெள்ளிதான் சம்பள நாள். ஐந்து வெள்ளி வரும் மாதத்தில் ஐந்து சீட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வருமான வரம்பு தாண்டிருச்சு டோலி" என்று வெளிறிய முகத்தோடு வருவார்கள். "வருஷம் பூரா அஞ்சு வெள்ளியா வருது உனக்கு? உக்காரு" என்பார்.

எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை பஸ் கண்டக்டர் நிறுத்தங்களைச் சொல்வதுபோல் மளமளவென்று சொல்வார். வேலையில்லாதபோது அரசு தரும் பணம் சேரும். பிள்ளைச் செலவுக்கு முன்னாள் கணவன் அனுப்புவது சேராது. வேலையில் அடிபட்டவனுக்கு வரும் ஈட்டுத்தொகை சேராது. இந்த ஊர்க்காரர்கள் குறைத்து எழுதி அவர் பார்த்ததில்லை. கூட்டி எழுதுவதுதான் அவர்களுடைய வியாதி. போன வருடம் ஒருவர், தான் சுட்ட மானை எடை போட்டு வருமானத்தில் எழுதிக்கொண்டு வந்தார். "மானு உனக்கு வாரக் கூலியா குடுத்துச்சு?" என்று கேட்டு அதை அடித்துவிட்டார் டோலி.

மழை நாளில் அவருடைய இடது தோள் நனைந்திருக்கும். வீட்டு வாசலுக்கு மேலே, கூரை ஓரத்துத் தண்ணீர்க் குழாய் இரண்டு வருடமாக உடைந்து தொங்குகிறது. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் தோளில் கொட்டிவிடும். ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே என்றால், "கூப்பிட்டா காசு வாங்க மாட்டானுங்க. அத்தனை பேருக்கும் நான் விண்ணப்பம் எழுதிக் குடுத்திருக்கேன்" என்று சொல்லி ஸ்வெட்டரைப் பிழிவார். மொத்தத்தில், பிடிவாதக்காரி.

அக்டோபர் கடைசியில் லென்னி மத்துஷாக் நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தார். லென்னிக்கு ஐம்பத்தேழு வயது. கூரை போடும் வேலை. மனைவி பௌலாவுக்கு இதய வால்வு பழுதாகி, மாடிப்படி ஏறவே மூச்சு முட்டுகிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் லென்னி வாரத்தில் மூன்று நாள்தான் வேலைக்குப் போகிறார். அறுவைச் சிகிச்சை நவம்பர் பத்தொன்பதாம் தேதி. அதற்குள் மருத்துவ உதவி அட்டை வராவிட்டால் தேதி வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

டோலி விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். சம்பளம் சரி. அதற்குக் கீழே ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"சொந்தத் தொழில், ஆறாயிரத்து முந்நூத்து நாப்பது டாலரா? எந்த அரண்மனைக்குப்பா கூரை போட்ட?"

"அது விருந்துல வந்தது."

செப்டம்பரில் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில், பௌலாவின் வைத்தியச் செலவுக்குப் பணம் சேர்க்க ஸ்பகெட்டி விருந்து நடந்தது. தலைக்குப் பத்து டாலர் டிக்கெட். பரிசுக் கூடைகளுக்குக் குலுக்கல் வேறு. வந்ததை அப்படியே உறையில் போட்டு லென்னி கையில் கொடுத்தார்கள். யாருக்காவது நோய் என்றால் இங்கே அப்படித்தான்.

"விருந்துக்கும் தொழிலுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"ஊரு குடுத்ததுன்னு எழுத ஒரு கட்டமும் இல்லியே. எழுதாம விட்டா மறைச்சவன் ஆயிடுவேன். அத்தனை பேர் வந்து சாப்பிட்டாங்க, அத்தனை பேருக்கும் தெரியும்."

"ஏன் கட்டம் இல்ல? அவங்க அதைக் கேக்கவே இல்ல, அதனாலதான். மனசாரக் குடுத்தது வருமானத்துல சேராது."

லென்னி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "பிச்சை வாங்கினேன்னு எழுதறதுக்கு, தொழில்னு எழுதறது தேவலாம்னு பட்டுச்சு."

டோலிக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டார். "நானும்தான் டிக்கெட் வாங்கினேன். அந்தப் பத்து டாலருக்கு எனக்கு என்ன தொழில் பண்ணிக் குடுத்த, சொல்லு!"

"இன்னும் பண்ணல. பண்ணப்போறேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து லென்னி மேசையில் விரித்தார். இரு பக்கமும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வேலை: புகைபோக்கி ஒழுகல், கொட்டகைக் கூரை, ஓடு நான்கு. நடுவில் ஒரு வரி: டோலி, வாசல் குழாய்.

டோலி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "எத்தனை வீடு முடிச்ச?"

"ஒண்ணுகூட இல்ல. பௌலாவை விட்டுட்டு எங்க போறது?"

"செஞ்சு குடுன்னு யாராவது கேட்டாங்களா? செய்யறேன்னு நீ யாருக்காவது வாக்குக் குடுத்தியா?"

"இல்லம்மா. உங்கிட்டதான் மொதமொத வாயத் திறக்கறேன்."

"அப்ப பொழச்ச. கேளு லென்னி. காசுக்குப் பதிலா வேலை செஞ்சா அது கூலி. கூலின்னா வருமானம். நீ எழுதினது நிஜமாயிடும், பௌலாவோட தேதி போயிடும். உன் ரோஷத்துக்கு அவ மூச்சையா விலை வெக்கிற?"

லென்னி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை. டோலியும் கிழிக்கச் சொல்லவில்லை.

புதிய படிவத்தில் சொந்தத் தொழில் கட்டம் காலியாக இருந்தது. விருந்தில் கிடைத்தது நன்கொடை என்று தீயணைப்புக் கூடத்தின் தலைவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அடியில் 'மேலே கண்டதெல்லாம் உண்மை' என்ற வரியை லென்னி இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "இது உண்மைதானே டோலி?" என்றார். "நீ எழுதினதுலயே இதுதான் உண்மை" என்றார் டோலி. கையெழுத்து விழுந்தது.

நவம்பர் பதினான்காம் தேதி அட்டை வந்தது. பத்தொன்பதாம் தேதி சிகிச்சை நடந்தது. பௌலா இப்போது மாடியில் நின்றுகொண்டு, உப்பில்லாத சூப்பைத் தெருவுக்கே கேட்கும்படி திட்டுகிறார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை, தூறலில், டோலியின் வாசலில் லென்னியின் வண்டி வந்து நின்றது.

"போப்பா வீட்டுக்கு. நான் குடுத்தது கூலி இல்ல" என்றார் டோலி கதவிடுக்கிலிருந்து.

"கார்டுதான் வந்துடுச்சே. இனிமே யாருக்கு என்ன போச்சு? ஒரு மணி நேர வேலை."

டோலி கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்ட லென்னி ஏணியை இறக்கி வாசற்படியை ஒட்டிப் புல்லில் கிடத்திவிட்டு, ஆணிப் பெட்டியை எடுக்க வண்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது டோலி வீட்டுச் செருப்போடு ஏணியின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் நேராக அவருடைய இடது தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் காப்பிக் கோப்பை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு, ஒரு கோப்பையை லென்னியிடம் நீட்டினார்.