கொய்யா மரத்தில் கட்டிய வைஃபை

அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் தேயிலைத் தூள் வாசம்தான் வரும். ஃபேக்டரி ஆபீஸில் பல வருஷமாக அது தின்ற தூசி, ஃபேன் சுற்றச் சுற்ற சூடாகி, அறை முழுக்க மணக்கும்.

ஆபீஸில் செத்துப்போனது என்று ஒதுக்கியதை நான்தான் கேட்டு வாங்கிப் பிழைக்க வைத்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஃபேக்டரி மோட்டார், வயரிங் எல்லாம் பார்த்தவன் நான். எல்லாம் பிரித்துப் பார்த்துக் கற்றது. கடைசிவரை எனக்கு எலக்ட்ரீஷியன் என்று ஒரு பதவிப் பேர் கொடுக்கவில்லை. அது தனிக் கதை... நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டாயிரத்து ஒன்பது, பத்து இருக்கும். கோத்தகிரியிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் பேர் வந்து, கல்யாணமான கையோடு கப்பலேறியவள். முப்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் சொல்லச் சொல்ல மகன் எழுதியிருந்தான்.

"கண்ணு ரெண்டும் மங்கிக்கிட்டே வருது ராசு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. முழுசா இருட்டுறதுக்குள்ள ஒன்னையும் நம்ம வீட்டையும் ஒரு தடவ பாத்துரணும்."

நான் அப்போதும் நாங்கள் பிறந்த அதே லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருந்தேன்.

அக்கா மகனிடம் கேமரா வைத்த கம்ப்யூட்டர் இருந்தது. எனக்கு ஒரு கேமராவைக் கொழும்பில் வேலை செய்த என் மகள் அனுப்பிவிட்டாள். இன்டர்நெட்தான் இல்லை. எதிர் மலையில் சர்ச் பாதர் பங்களாவில் மட்டும் இருந்தது. பள்ளத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எதிரே, நடந்தால் அரை மணி நேரம்.

பாதரிடம் போய்க் கேட்டேன். "பாஸ்வேர்ட் எழுதித் தாரேன் ராசு. ஆனா எதுக்கு இந்தக் கஷ்டம்? இங்கேயே வந்து பேசுங்களேன்."

"நான் வந்துருவேன் பாதர். லயத்து வீடு வராதே?"

அவர் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்.

பதுளைக்கு பஸ் ஏறினேன். பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. முதலாளிக்கு என் மகள் வயசுதான் இருக்கும். விரல் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி வைஃபையை எடுத்து நீட்டினார்.

"இதுதாங்க ஐயா இப்ப ஓடுது. பின்னால சொருகுனா முடிஞ்சுது."

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கனமே இல்லை.

"இது என்ன தம்பி, காத்து மாதிரி இருக்கு?"

"ஐயா, இது என்ன மீனா, நிறுத்துப் பாத்து வாங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் கூச்சப்பட்டு வாங்கிவிட்டேன். வாழ்க்கையில் அடுத்தவன் பேச்சைக் கேட்டு நான் செய்த சில காரியங்களில் அதுவும் ஒன்று.

வீட்டில் சொருகினால் பாதர் வைஃபையின் பேரே வரவில்லை. நானும் என் மனைவி மேரியும் சிபியு, மானிட்டர் எல்லாவற்றையும் வாசலுக்குத் தூக்கினோம். ஒரே ஒரு சிக்னல் கோடு வந்தது. மேரி குறுக்கே நடந்தால் அதுவும் போனது.

"நான் நின்னாலே படுத்துருது. இதுவா கடல் தாண்டி அக்காவக் காட்டப் போவுது?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. சுற்றிலும் கருங்கல் சுவர், மேலே தகரம். கம்ப்யூட்டர் உள்ளே இருக்கட்டும், வைஃபை வெளியே போக வேண்டும். ஏரியல் வைத்தது வேண்டும், நீள வயர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மறுபடி பதுளை.

"வித்த சாமானத் திருப்பி எடுக்குறதில்லீங்க ஐயா."

"சரி தம்பி. ஒங்க யாவாரத்தப் பாருங்க."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். உள்ளே வந்தவர்களிடமெல்லாம் சட்டைப் பையிலிருந்து அந்த நகத்தை எடுத்துக் காட்டி, மலையில் அது வேலை செய்யாத விதத்தைப் பொறுமையாக விளக்கினேன். நாலாவது ஆளுக்கு விளக்கும்போது முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, தெய்வமே... எது வேணும்னு சொல்லுங்க."

ஏரியலைத் திருகி மாட்டுகிற பெரிய வைஃபையைக் காட்டினேன். கூடப் பத்து மீட்டர் வயர் கேட்டேன். அஞ்சுக்கு மேல் போனால் வேலை செய்யாது என்றார். அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை; அவர் கொடுத்த அஞ்சு மீட்டரோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஜன்னல் வழியாக வயரை விட்டு, வாசல் கொய்யா மரக் கிளையில் வைஃபையைக் கட்டி, மழைக்கு ஒரு மார்ஜரின் டப்பாவைக் கவிழ்த்தேன். ஏரியலைக் கொஞ்சம் கொஞ்சமாக பாதர் பங்களா பக்கம் திருப்பினேன்.

"மூணு கோடு! நாலு!" மேரி உள்ளேயிருந்து கத்தினாள். லயத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து போட்டோம். முதலில் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. பிறகு நெற்றி, கண்ணாடி... அக்கா!

திரையில் மூக்கு இடிக்கிற மாதிரிக் கிட்ட வந்து என்னைப் பார்த்தாள்.

"டேய் ராசு... எங்கடா ஒன் தலமயிரு?"

முப்பது வருஷம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி. மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை.

அக்கா கேட்டபடியெல்லாம் கேமராவைத் திருப்பினேன். அடுப்படி, அம்மா படுத்த மூலை. "கதவத் தொறடா, வெளிய காட்டு" என்றாள். திறந்தேன். எதிர் மலை, தேயிலை, அதன் மேல் வெயில். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கை வலித்து நான் கேமராவை இறக்கப் போனேன்.

"இருடா. திருப்பாத. பாத்துக்கிறேன்."

இப்போது எல்லார் கையிலும் ஃபோன். கொய்யா மரமும் வேண்டாம், பதுளை பஸ்ஸும் வேண்டாம். எது வாங்கினாலும் எல்லாம் ஒன்றுதான் என்கிறாள் மகள். ஒன்று இல்லை. அந்த நகத்தளவு வைஃபையையே நம்பியிருந்தால் அந்த ஞாயிறு எங்களுக்கு இல்லை.

அக்காவுக்கு இப்போது பார்வை சுத்தமாக இல்லை. குரல் மட்டும் குறையவில்லை. தினமும் வீடியோவில் கூப்பிடுகிறாள். ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொள்வதால், எனக்குத் தெரிவதெல்லாம் அவள் காதும் தோடும்தான். நேற்று எனக்கு முட்டி வலி என்றேன்.

"சும்மா இருடா. நான்தான் ஒன்னப் பாத்தேனே, கல்லு மாதிரி இருந்த" என்றாள்.

அவளுக்கு நான் இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமை ராசுதான்.