மாடி அறைக்கு ஒரு நேர்காணல்

இன்று பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை பார்க்கப் போனேன். வீட்டுக்கார அண்ணாச்சி அன்பாக உட்கார வைத்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“ஏரல், அண்ணாச்சி.”

“ஏரல்ல எங்கன?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்?”

என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. குலதெய்வம் எது என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நேரா சாதியையே கேட்டிருங்க அண்ணாச்சி.”

“சேச்சே, நாங்க அதெல்லாம் பாக்கதே இல்ல,” என்று பதறினார்.

நானே சொன்னேன். சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“மருமவன் வந்து தங்கப் போறாராம் தம்பி. இப்பத்தான் ஞாவம் வருது.”

வெயிலில் இறங்கி நடந்தேன். ஆத்திரத்தைவிடச் சிரிப்புதான் அதிகமாக வந்தது.

சாதி பார்க்காதவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கியாயிற்று, நண்பர்களே. பார்ப்பவர்கள் யாரிடமாவது அறை இருந்தால் சொல்லுங்கள், நேரமாவது மிச்சமாகும்.